யுத்தக் கடனை நாங்களா கட்டுகிறோம்?

திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு மேல குண்டு போடுறதுக்கு வாங்கின கடனை எங்கட வரியிலயே ஏன் கட்ட வேணும்? அந்தக் கடனுக்காகத்தான் திருகோணமலையை வெளிநாட்டுக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிறாங்களா? எங்கட கட்சிகள் ஏன் இதைப் பற்றி வாய் திறக்கிறதில்லை?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். எங்களைக் கேட்டு வாங்காத, எங்களுக்காகச் செலவழிக்காத கடனை எந்த நியாயத்தில் எங்கள் தலையில் வைக்கிறீர்கள் என்று கேட்கிறார். 2006 யுத்தத்தில் மூதூரும் சம்பூரும் பட்ட பாட்டை அறிந்த எவரும் இதைக் குதர்க்கம் என்று தள்ள மாட்டார்கள்.

நான் கிழக்கு மாகாணத்தில் அரச கணக்காளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். வவுச்சரும் திறைசேரிச் சுற்றறிக்கையும் எனக்குத் தெரிந்த உலகம். பொருளியல் பேராசிரியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன். நீங்கள் சொல்வதில் பாதி சரி. யுத்தம் கடனை விட்டுப்போனது உண்மை. ஆனால் 2022இல் நாட்டை முறித்த கடன் பெரும்பாலும் யுத்தம் முடிந்த பிறகு வாங்கியது. அந்தக் கடனுக்குக் கீழேயும் இன அரசியல் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் யுத்தச் செலவு. யுத்தம் உச்சத்தில் இருந்த 1990களின் பிற்பகுதியில் பாதுகாப்புச் செலவு தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதத்தை எட்டியது. அதில் சம்பளமும் சாப்பாடும் பெரும் பங்கு. அது ரூபாயில் போனது. வரி போதாதபோது அரசாங்கம் திறைசேரி உண்டியல், பிணைமுறி என்ற கடன் பத்திரங்களை விற்று உள்நாட்டிலேயே கடன் எடுத்தது. உள்நாட்டுக் கடன் முதிர்ந்தால் புதிய கடன் எடுத்துப் பழையதை அடைப்பார்கள். ஆகவே 1998இல் சுட்ட துப்பாக்கி ரவைக்கான பணம் இன்றும் ஏதோ ஒரு பிணைமுறியின் வயிற்றில் வட்டியோடு கிடக்கிறது என்று சொன்னால் தவறில்லை. ஆனால் எவ்வளவு என்று யாராவது உங்களுக்குத் துல்லியமான எண் சொன்னால் நம்பாதீர்கள். வரியோ கடனோ, அரசாங்கத்துக்கு வரும் பணம் திரட்டு நிதியம் என்ற ஒரே பொதுக் கணக்குக்குள் போகிறது. அங்கிருந்துதான் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது, பீரங்கிக்கும் போகிறது. ஒரே தொட்டியில் ஊற்றிய தண்ணீரை எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரிக்க முடியாது.

யுத்தம் முடிந்தும் அந்தச் செலவு ரூபாய்க் கணக்கில் இறங்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். 2023 ஜனவரியில் அரசாங்கம் இராணுவத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783 என்று அதுவே சொன்னது. 2024க்குள் 135,000, 2030க்குள் 100,000 என்பது இலக்கு. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து 14 ஆண்டு கழித்துச் சொன்ன கணக்கு அது. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று தேடினால், 2009க்கு முந்திய செலவைவிட இதைப் பிடியுங்கள். இதில் விவாதத்துக்கு இடம் குறைவு.

இனி வெளிநாட்டுக் கடன். இலங்கை முதல் சர்வதேசப் பிணைமுறியை 2007இல் விற்றது. 500 மில்லியன் டொலர், ஐந்து வருடம், வட்டி 8.25 சதவீதம். அதற்கு முன்னர் கடன் என்றால் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பான். வட்டி குறைவு, தவணை நீளம். 1997இல் நாங்கள் நடுத்தர வருமான நாடு என்று வகைப்படுத்தப்பட்ட பின் அந்தச் சலுகைகள் மெல்ல மெல்ல வற்றின, சந்தைக் கடன் அந்த இடத்தைப் பிடித்தது. அதில் பெரும்பங்கு எடுத்தது யுத்தம் முடிந்த பிறகு. 2018, 2019 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் ஏறத்தாழ 6.9 பில்லியன் டொலருக்குப் பிணைமுறி விற்றார்கள், அதிலும் கணிசமான பகுதி பழைய கடனை அடைக்க. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தபோது சுமார் 12.5 பில்லியன் டொலர் இந்தப் பிணைமுறிகளில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. சீனாதான் எங்களை விழுங்கியது என்று தேநீர்க் கடைகளில் சொல்வார்கள். சீனக் கடன் சிறிய தொகை இல்லை, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்கு எடுத்த 307 மில்லியன் டொலருக்கு 6.3 சதவீத வட்டி என்பதும் மலிவு இல்லை. ஆனாலும் கழுத்தை நெரித்தது பெயர் தெரியாத பிணைமுறிக்காரரின் தவணைத் திகதிகள்தான். 2022 ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரத்தில், 500 மில்லியன் டொலர் பிணைமுறி ஒன்றை முழுதாக அடைத்தார்கள்.

கடன் வாங்குவது குற்றம் இல்லை. திருப்பிக் கட்ட வருமானம் இருக்க வேண்டும். கதையின் நடு இதுதான். 1990களின் தொடக்கத்தில் அரசாங்க வருமானம் தேசிய உற்பத்தியில் 20 சதவீத அளவில் இருந்தது. 2021இல் அது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த வருடம் அரசாங்கம் ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 72 ரூபாய் வட்டிக்கு மட்டும் போனது. மிச்சம் 28 ரூபாயில் சம்பளமா, ஓய்வூதியமா, ஆஸ்பத்திரியா? கணக்காளனாக இருந்தவனுக்கு இந்த ஒரு எண் போதும்.

வருமானம் ஏன் இப்படி விழுந்தது? நீண்ட காலச் சரிவுக்குப் பல காரணம் உண்டு, அவற்றின் பங்கைப் பற்றிப் பொருளியலாளர்களே ஒத்துப்போவதில்லை. கடைசி விழுகைக்கு மட்டும் திகதி இருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் பாதுகாப்பும் சிங்களப் பௌத்தத்தின் காவலும்தான் பேச்சு. கோட்டாபய ராஜபக்ஷ 52.25 சதவீதம் பெற்று வென்றார். அநுராதபுரத்தில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்கால் மட்டும் வெல்லலாம் என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த சில வாரங்களுக்குள் பொருள், சேவையின் விலையோடு சேர்த்து அறவிடும் வற் வரி 15இலிருந்து 8 சதவீதமானது. வற் வரிக்குப் பதிய வேண்டிய வியாபாரத்தின் வருடாந்த விற்பனை எல்லை 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாய்க்கு ஏறியது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி போனது. சம்பளத்தில் பிடிக்கும் வரி போனது. இந்த வரிக்குறைப்பு தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது, ஒளித்து வைத்த விடயம் அல்ல. பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவீர்கள் என்று மேடையில் யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, ஏனென்றால் கேள்வி வேறாக இருந்தது. யார் எங்களைக் காப்பாற்றுவார் என்பதே அந்தத் தேர்தலின் கேள்வி. 2020இல் கொரோனா வந்தது, நாடுகளின் கடன் கட்டும் தகுதியைத் தரப்படுத்தும் நிறுவனங்கள் எங்கள் தரத்தை இறக்கின, வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்கள் உட்பட அன்று நிதியை நடத்தியவர்கள் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. சந்தேகத்தைத் தாண்டிய பகுதி என்று இதைச் சொல்லலாம்.

இன அரசியல் கடனை ஆக்கிய முக்கியமான வழி குண்டு வாங்கிய பட்டியலில் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இனத்தைக் காட்டி வெல்ல முடிகிற நாட்டில் பணக் கணக்கைக் காட்டி வெல்ல வேண்டிய தேவை கட்சிகளுக்கு வருவதில்லை. இது 2019இல் தொடங்கியதும் அல்ல. 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஹர்த்தால் வந்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். மானியத்தில் கை வைத்தால் கதிரை போகும் என்ற பாடத்தை எல்லாக் கட்சியும் படித்தது. மூன்றே வருடத்தில், சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம். மொழிக்கு நிதி அமைச்சின் அனுமதி வேண்டாம் போலத் தோன்றும், ஆனால் அந்தச் சட்டம் அரச வேலையை ஓர் இனத்துக்கான பரிசாக மாற்றியது. பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் பரிசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டி வந்தது. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவோம், சந்திரனிலிருந்தாவது கொண்டுவருவோம் என்றார்கள். இன்று அரச ஊழியர் எண்ணிக்கை 10 இலட்சத்துக்கு மேல். அவர்களில் பலர் கடுமையாக உழைக்கிறார்கள், நானும் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தவன்தான். ஆனால் தேவை பார்த்து எடுத்த நியமனம் எத்தனை, வாக்குப் பார்த்து எடுத்தது எத்தனை என்பது கந்தோரில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

கடனும் இனமும் நேரடியாகக் கைகோர்த்த இடம் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. 1921இல் திருகோணமலை மாவட்டத்தில் சிங்களவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1981இல் மூன்றில் ஒரு பங்கு. கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் அரச பணத்தில் நடந்தவை. 1977க்குப் பிறகு வந்த விரைவு மகாவலித் திட்டத்துக்கு வெளிநாட்டுக் காசு: விக்டோரியா அணைக்குப் பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலவுக்கு ஜெர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா. கொடையும் சலுகைக் கடனும் கலந்தது. 2022இல் முறித்த கடன் வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாவட்டத்தின் வடக்கு எல்லையில் மணலாறு என்ற தமிழ்ப் பெயர் வெலிஓயா என்று சிங்களமானது அந்தத் திட்டத்தின் பெயரில்தான். நீர்ப்பாசனம் எவ்வளவு, இனப்பரம்பலை மாற்றும் நோக்கம் எவ்வளவு என்று இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும் இருந்தன என்பது என் கருத்து.

சரி, கட்சிப் பணத்துக்கு வருவோம். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது.

இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வரும்வரை, வேட்பாளர் எவ்வளவு செலவழித்தார், யாரிடம் வாங்கினார் என்று கேட்கப் பல பத்தாண்டுகளாகப் பயனுள்ள சட்டம் இல்லை. இதே காலத்தில், கட்சிக்கு வாக்களித்து அதன் பட்டியலில் பிடித்த வேட்பாளர்களையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறையும் வந்தது. 1989 பொதுத் தேர்தலில் முதலில் பயன்பட்டது. அதன் செலவை எங்கள் மாவட்டத்தை வைத்தே பாருங்கள். நாலு ஆசனம்; ஒரு கட்சி ஏழு பேரை நிறுத்தலாம். அந்த ஏழு பேரும் ஒரே கட்சி, ஒரே சின்னம், ஆனால் ஒருவரையொருவர் முந்தித்தான் உள்ளே போக வேண்டும். புல்மோட்டையிலிருந்து வெருகல்வரை வாகனம் ஓட வேண்டும், சுவரொட்டி ஒட்ட வேண்டும், வாக்குச்சாவடிக்கு முகவர் போட வேண்டும், அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரோ மீனவர் சங்கத் தலைவரோ சொந்தக் காசில் செய்யக்கூடிய காரியமா இது? யாரோ போடுகிறார்கள். போட்டவர் சும்மா போடுவதில்லை.

எப்படித் திரும்பி எடுப்பார் என்பதற்கு நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்த ஒரு வழி சொல்கிறேன். பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலோ வேறு சிறிய வேலைத்திட்டத்திலோ ஒரு உள்வீதிக்குக் காசு வரும். கிராம மட்டச் சங்கத்துக்குக் கொந்தராத்து கொடுத்தால் கேள்விப்பத்திர (டென்டர்) சிக்கல் குறைவு. கடதாசியில் சங்கம், களத்தில் ஒரு கொந்தராத்துக்காரர். சங்கத் தலைவர் கையெழுத்து வைப்பார், அளவீட்டுப் பதிவு சரியாக இருக்கும், வவுச்சரில் ஒரு பிழையும் இருக்காது. நான் காசோலையில் ஒப்பம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வருட முடிவில் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும், ஊருக்கு வீதி இல்லை. அந்தக் கொந்தராத்துக்காரரின் வாகனம் தேர்தல் காலத்தில் எந்த வேட்பாளருக்கு ஓடியது என்பது வவுச்சரில் வராது. இதில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற வேறுபாட்டை நான் கண்டதில்லை. மேடையில் ஒருவரையொருவர் பார்க்க மறுக்கும் மூன்று தரப்பின் ஆட்களும் ஒரே கொந்தராத்துக்காரரோடு நல்ல உறவில் இருப்பார்கள். எல்லா வீதியும் அப்படிப் போட்டது என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்த சங்கங்களும் பல.

பெரிய மட்டத்துக்குப் போனால் நிரூபித்ததையும் சொல்லப்படுவதையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாயில் விகாரைகளுக்குச் சில் துணி (பௌத்தர் விரதத்துக்கு அணியும் வெள்ளைத் துணி) பகிர்ந்த வழக்கில் இரண்டு உயர் அதிகாரிகளை 2017இல் மேல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. ஆகவே சட்டப்படி அவர்கள் குற்றமற்றவர்கள். பொது நிறுவனத்தின் பணத்தில் துணி பகிர்ந்தது நடந்த சம்பவம். அதே தேர்தலில் சீனத் துறைமுக நிறுவனம் ஒன்றிடமிருந்து 7.6 மில்லியன் டொலர் மகிந்த ராஜபக்ஷவின் பிரசாரத்துக்குப் போனது என்று 2018இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது, அவர் மறுத்தார். அது பத்திரிகைச் செய்தி என்ற நிலையிலேயே நிற்கிறது, தீர்ப்பு அல்ல. 2024இல் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் ஆதரவுக்காகக் கொடுக்கப்பட்டன என்ற பேச்சு வடக்கு கிழக்கையே உலுக்கியது. அனுமதி பெற்றோர் பட்டியலை அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைத்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த அரசியல்வாதி என்பது இன்னொன்று. முதலாவதை வாசிக்கலாம். இரண்டாவதை ஊர் சொல்கிறது, ஆவணம் சொல்லவில்லை.

தமிழ்க் கட்சிகளுக்கு இன்னொரு வாய்க்கால் புலம்பெயர் பணம். புதிய சட்டம் வெளிநாட்டு அரசு, வெளிநாட்டு நிறுவனம், வெளிநாட்டவர் ஆகியோரிடம் தேர்தலுக்குப் பணம் வாங்குவதைத் தடுக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் சம்பல்தீவுக்காரர் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால், என் வாசிப்பில் அவரும் வெளிநாட்டவர்தான். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பணம் தூய நோக்கத்தோடு வரலாம், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அனுப்புபவர் இங்கே வற் வரி கட்டுவதில்லை, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பதில்லை. அவரைக் கவர வேண்டிய வேட்பாளர் கடனைப் பற்றிப் பேசுவாரா, கொடியைப் பற்றிப் பேசுவாரா? கொழும்பிலும் இதே கதைதான், கொடியும் கொடையாளியும் மட்டும் வேறு.

இனி எங்கள் கட்சிகளின் மௌனம். ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருமலை மாநாட்டை நடத்தியது. பல ஊர்களிலிருந்து யாத்திரையாக நடந்து வந்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் எழுதிய பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மொழியும் குடியேற்றமும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிராந்திய சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் என்ற வரியும் அதில் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபை வந்தபோது காணி, பொலிஸ் அதிகாரத்துக்காக நாங்கள் போட்ட சத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நிதிக்காகப் போடவில்லை. மாகாணத்தின் செலவில் பெரும்பகுதி சம்பளம், அது கொழும்பிலிருந்து வரும் மானியம். சொந்த வருமானத்தில் முக்கியமாக இருந்தது வியாபாரிகளின் விற்பனைத் தொகை மீது அறவிடும் புரள்வு வரி. 2011இலிருந்து அதை ஒழித்துவிட்டு, மத்திய அரசு அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கைத் தருவோம் என்றார்கள். அறவிடும் கை எங்களிடமிருந்து போனது, பங்கு கேட்டு நிற்கும் கை மிஞ்சியது. பிறகு 2019 டிசம்பரில் அந்த வரியையே இல்லாமல் ஆக்கினார்கள். கொழும்பில் தேர்தல் வாக்குறுதி, திருகோணமலையில் மாகாணத்தின் வருமானத் தலைப்பில் வெட்டு. எந்தத் தமிழ் மேடையிலும் எந்த முஸ்லிம் மேடையிலும் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்து நான் கேள்விப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை, ஆளுநர் ஆட்சிதான்.

2005 மே மாதம் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அருகே இரவோடு இரவாகப் புத்தர் சிலை வைத்தபோது நகரம் மூடிக் கிடந்தது. அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிலைக்கு எதிராக நின்றவரையும் ஆதரவாக நின்றவரையும் அடுத்த தேர்தலில் யாரும் வரியைப் பற்றியோ கட்சிக் கணக்கைப் பற்றியோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் துரோகி என்றிருப்பார்கள். 2024 நவம்பரில் எங்கள் நாலு ஆசனத்தில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது, தமிழரசுக்கு ஒன்று, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று. பணத்தைப் பற்றிய கோபம் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நிலையான மாற்றமா என்பது ஒரு தேர்தலை வைத்துச் சொல்லக்கூடியது அல்ல.

திருகோணமலையை எழுதிக் கொடுத்தார்களா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் பிரிட்டிஷ் காலத்து எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) 99 இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. அவற்றை இந்தியாவோடு கூட்டாகச் சீரமைப்பது என்பது 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இருக்கிறது, அதாவது இந்தக் கடன் நெருக்கடிக்கு 35 வருடம் முந்தியது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசி உள்ளே வந்தது. 2022 ஜனவரி 6ஆம் திகதி புதிய உடன்படிக்கை: 14 குதம் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 கூட்டுக் கம்பனிக்கு, அதில் 51 சதவீதம் எங்களுடையது. விற்பனை அல்ல, குத்தகை. கடனை அடைக்கக் கொடுத்ததும் அல்ல. ஆனால் அடுத்த வாரமே இந்தியா 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்ற உதவியை அறிவித்தது; பெப்ரவரியில் எரிபொருளுக்கு 500 மில்லியன், மார்ச்சில் உணவு, மருந்துக்கு 1 பில்லியன். ஒன்றுக்கு மற்றது விலை என்று எழுதிய கடதாசி எதுவும் வெளிவரவில்லை. கையில் டொலர் இல்லாதவன் பேரம் பேசும் நிலையில் இருக்கவில்லை என்பது மட்டும் வெளிச்சம்.

கடைசியாக, யார் கட்டுகிறார்கள். வரி வருமானத்தில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு பொருளிலும் சேவையிலும் மறைந்து வரும் மறைமுக வரி. கிண்ணியாவில் சவர்க்காரம் வாங்கும் பெண்ணும், சேருவிலவில் அதையே வாங்கும் விவசாயியும், மூதூரில் வாங்கும் உங்கள் அப்பாவும் ஒரே 18 சதவீத வற் வரிதான் கட்டுகிறார்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது கடற்கரை முழுவதும் படகு இழுத்து வைத்திருந்தது. அதில் இன வேறுபாடு இருக்கவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய்ப் பிணைமுறிகளை விட்டுவிட்டு ஊழியர் சேமலாப நிதியத்தின் பிணைமுறிகளைத்தான் மாற்றினார்கள்: வட்டி 2025வரை 12, அதன் பிறகு 9 சதவீதம். வங்கிகள் ஏற்கனவே அதிக வரி கட்டுகின்றன, அவை ஆட்டம் கண்டால் வைப்பாளர் பாதிக்கப்படுவார் என்பது அரசாங்கம் சொன்ன காரணம்; அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் இழந்தது ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையின் ஓய்வுக் காசு. ஆகவே தம்பி, யுத்தக் கடனைத் தமிழர் கட்டுகிறார்கள் என்பதைவிட, யாரும் கணக்குக் கேட்காமல் ஆட்சி செய்தவர்களின் கடனை மூன்று இனத்தின் ஏழைகளும் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கணக்குக்குப் பொருந்துகிறது. எங்கள் பங்கில் ஒரு கூடுதல் அநியாயம் உண்டு: அடிபட்டவர்களும் நாங்கள், கட்டுபவர்களிலும் நாங்கள். அதை மறுக்க மாட்டேன்.

2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பிணைமுறிக்காரரோடு பழைய பிணைமுறிகளுக்குப் புதியவை கொடுத்துச் செய்த மாற்றில் ஒரு பிணைமுறிக்கு வேடிக்கையான நிபந்தனை உண்டு. அரசாங்கம் வருமான இலக்கை எட்டி, நிதி விவரங்களைப் பகிரங்கமாக வெளியிட்டால் வட்டியில் 0.75 சதவீதம் குறையும். கணக்கைக் காட்டு என்று கடன்காரன் எழுதி வாங்கிவிட்டான். வாக்காளனுக்கும் அந்த வழி இல்லாமல் இல்லை. புதிய சட்டப்படி தேர்தல் முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று உச்சவரம்பே வைத்தார்கள். நீங்கள் வாக்களித்தவரின் அறிக்கையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலகம் கச்சேரியோடு (மாவட்டச் செயலகம்) சேர்ந்துதான் இருக்கிறது. கடிதம் எழுதும்போது பெயர்கள் மூன்று தரப்பிலிருந்தும் இருக்கட்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டால் உங்களை எதிர்த்தரப்பு அனுப்பியது என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார்கள்.